ஜப்பானியக் கோயில் முத்திரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவில் குடியேறிய பிறகு, ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வருபவர்களை அசாகுசாவுக்கும் கமகுராவுக்கும் அழைத்துச் செல்வது என் வேலையாகிவிட்டது. கோயிலில் யாராவது ஒரு மடிப்பேட்டை நீட்டி, அதில் தூரிகையால் எழுதி வாங்கிக்கொள்வதைக் கண்டதும் கேள்விகள் தொடங்கிவிடும். ஒரே சந்தேகங்களுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொன்னதில், அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது.

கோஷுயின் என்றால் என்ன? ரயில் நிலையத்தில் வைத்திருக்கும் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரிதானே?

இல்லை. ரயில் நிலைய முத்திரை இலவசம். மேசைமேல் கிடக்கும், யார் வேண்டுமானாலும் தாமே குத்திக்கொள்ளலாம். கோஷுயின் என்பது கோயிலைச் சேர்ந்தவர் தம் கையால் செந்நிற முத்திரை பதித்து, அதன்மேல் கறுப்பு மையால் எழுதித் தருவது. ‘ஷு’ என்றால் செந்நிறம், ‘இன்’ என்றால் முத்திரை. முன்னால் நிற்கும் ‘கோ’ மரியாதைக்குரிய ஒட்டு. திருநீறு, திருவிளக்கு என்று நாம் சொல்லும்போது வருகிற ‘திரு’ அதற்கு மிக நெருக்கமானது.

பொருளைச் சுருக்கமாகச் சொல்வதானால், இன்ன நாளில் இவர் இங்கே வந்து வழிபட்டார் என்பதற்குக் கோயில் தரும் சான்று அது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

இந்தப் பழக்கம் எப்படித் தொடங்கியது?

பௌத்த சூத்திரங்களைக் கையால் படியெடுத்து விகாரைக்குக் காணிக்கையாக அளிப்பது ஜப்பானில் பழைய வழக்கம். அளித்தவருக்கு விகாரை ஒரு பற்றுச்சீட்டு எழுதி முத்திரையிட்டுக் கொடுத்தது. பழைய ஜப்பான் 66 மாகாணங்களாக இருந்த காலத்தில், தாமரைச் சூத்திரத்தின் படிகளைச் சுமந்துகொண்டு மாகாணத்துக்கு ஒரு படி வீதம் செலுத்தியபடி நாடு முழுவதும் நடந்த யாத்திரிகர்கள் இருந்தார்கள். அவர்கள் சேர்த்துக்கொண்ட சீட்டுகளே இன்றைய முத்திரை ஏட்டுக்கு முன்னோடி என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. விகாரைகளில் முத்திரை வாங்கும் இடத்துக்கு இன்றும் ‘நோக்யோஷோ’, அதாவது சூத்திரம் செலுத்தும் இடம், என்ற பெயர் வழங்குவது அதனால்தான். காலப்போக்கில் சூத்திரம் எழுதிக் கொண்டுவராமல் வெறுமனே வழிபட்டவர்களுக்கும் முத்திரை கொடுக்கத் தொடங்கினார்கள். ஜப்பானின் பூர்விக மதமான ஷின்டோவின் கோயில்களும் அதைப் பின்பற்றின.

அந்தப் பக்கத்தில் என்னதான் எழுதியிருக்கிறார்கள்? எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியவில்லை.

பக்கத்தின் வலது மேல்மூலையில் பெரும்பாலும் ‘ஹோஹாய்’ என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். பணிந்து வழிபட்டேன் என்பது அதன் பொருள். அதற்குக் கீழேயோ பக்கத்திலேயோ தேதி இருக்கும். ஆண்டு பெரும்பாலும் ஜப்பானிய யுகக் கணக்கில், அதாவது பேரரசரின் ஆட்சிக்காலக் கணக்கில், எழுதப்படும். நடப்பு ரெய்வா யுகம் 2019இல் தொடங்கியதால், ஆங்கில ஆண்டிலிருந்து 2018ஐக் கழித்தால் ரெய்வா ஆண்டு கிடைத்துவிடும். 2025 என்பது ரெய்வா 7.

நடுவில் பெரிதாக எழுதுவது ஷின்டோ கோயிலாக இருந்தால் பெரும்பாலும் கோயிலின் பெயர். விகாரையாக இருந்தால் மூலவரின் பெயரோ மண்டபத்தின் பெயரோ இருக்கக்கூடும். கியோத்தோவின் கியோமிஸு விகாரையில் ‘தைஹிகாகு’ (பெருங்கருணை மண்டபம்) என்றும், பொன் மாளிகையைக் கொண்ட கின்காகுஜியில் ‘ஷாரிதென்’ (புத்தரின் புனித எச்சங்களுக்கான மண்டபம்) என்றும் எழுதித் தருகிறார்கள். விகாரையின் பெயரைத் தேடி ஏமாற வேண்டாம்; அது இடது ஓரத்தில் சிறியதாக இருக்கும்.

விகாரை முத்திரைகளில் சில சமயம் சீன எழுத்தும் ஜப்பானிய எழுத்தும் அல்லாத ஒரு வளைந்த எழுத்தைக் காணலாம். அது சித்தம் எனப்படும் இந்திய எழுத்து. சீனம் சென்று கற்று 806இல் நாடு திரும்பிய கூக்காய் முதலான துறவிகள் அதை ஜப்பானில் நிலைநிறுத்தினார்கள். ஒவ்வொரு புத்தருக்கும் போதிசத்துவருக்கும் ஒரு பீஜாட்சரம் உண்டு. அமிதாப புத்தருக்கு ‘ஹ்ரீஹ்’, கருணையின் போதிசத்துவரான அவலோகிதருக்கு ‘ஸ’. தமிழ் எழுத்தும் சித்தமும் பிராமியின் வழியில் வந்த உறவினர் என்று சொன்னால், அதுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்த என் சித்தப்பாகூட ஏட்டைக் கையில் வாங்கிப் பார்க்கிறார்.

ஏடு எங்கே வாங்குவது? பையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது, அதில் வாங்கிக்கொள்ளலாமா?

நோட்டில் கேட்க வேண்டாம். பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள், மறுப்பது சரியும்கூட. இதற்கென்றே ‘கோஷுயின்ச்சோ’ என்ற மடிப்பேடு இருக்கிறது. கெட்டியான ஜப்பானியக் காகிதத்தை விசிறிபோல மடித்து, முன்னும் பின்னும் துணி போர்த்திய அட்டை ஒட்டியிருப்பார்கள். சிறியது ஏறக்குறைய 11க்கு 16 சென்டிமீட்டர், பெரியது 12க்கு 18. எழுதுபொருள் கடைகளில் கிடைத்தாலும், நீங்கள் முதலில் வழிபடும் கோயிலிலேயே வாங்குவதுதான் எனக்குப் பிடித்த முறை. பல கோயில்கள் தமக்கே உரிய வடிவமைப்பில் ஏடு வைத்திருக்கின்றன. அங்கேயே முதல் பக்கத்தையும் எழுதித் தருவார்கள்.

ஏட்டின் உள்ளே உங்கள் பெயரை எழுதி வையுங்கள். கூட்டமான நாளில் ஒரே அட்டையுள்ள ஏடுகள் பத்துப் பதினைந்து மேசைமேல் அடுக்கியிருக்கும். அதோடு, ரயில் நிலைய முத்திரைகளுக்குத் தனிப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். என் முதல் ஏட்டின் மூன்றாம் பக்கத்தில் ஆசையாக ஒரு நிலைய முத்திரையைக் குத்தி வைத்திருந்தேன். அடுத்து சென்ற விகாரையில் ஒரு முதிய துறவி அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நின்றார், ஏட்டை மூடி இரு கைகளாலும் என்னிடம் திருப்பித் தந்தார், தனித்தாளில் எழுதிய முத்திரை ஒன்றை எடுத்து நீட்டினார். கோபப்படவில்லை, அதனால்தான் இன்றும் மறக்கவில்லை.

நேரம் குறைவு. முதலில் முத்திரையை வாங்கிக்கொண்டு, முடிந்தால் அப்புறம் கும்பிடலாமா?

கூடாது. பக்கத்தில் முதலில் எழுதப்படுவதே ‘பணிந்து வழிபட்டேன்’ என்பதுதான் என்று மேலே சொன்னேன். வழிபடாமல் அதை வாங்குவது, அர்ச்சனை செய்யாமல் பிரசாதத்துக்கு மட்டும் கை நீட்டுவதைப் போன்றது. பெருங்கூட்டம் வரும் சில கோயில்கள், வழிபடும் முன்பே ஏட்டைப் பெற்றுக்கொண்டு டோக்கன் கொடுத்து, தரிசனம் முடித்துத் திரும்பும்போது தருவதுண்டு. அது அவர்களே செய்துகொண்ட ஏற்பாடு. அங்கே தயங்காமல் அதன்படி நடக்கலாம்.

நேரம் குறைவாக இருந்தால் கோயில்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரே நாளில் பதினொரு முத்திரை வாங்கிய ஒருவரை அழைத்துச் சென்றிருக்கிறேன். மாலையில் எந்தக் கோயிலில் என்ன இருந்தது என்று கேட்டபோது ஏட்டைத்தான் புரட்டினார்.

எப்படிக் கும்பிட வேண்டும்? தப்பாகச் செய்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

தோரீ என்ற வாயிலைக் கடக்கும் முன் தலை வணங்குங்கள். பாதையின் நடுவை விட்டு ஓரமாக நடங்கள், நடு வழி தெய்வத்துக்கு உரியது. நீர்த்தொட்டி இருந்தால் அகப்பையால் இடக்கை, வலக்கை, வாய் என்ற வரிசையில் கழுவ வேண்டும். அகப்பையில் வாய் வைக்கக் கூடாது. உள்ளங்கையில் நீரை ஏந்திக்கொள்ள வேண்டும். ஷின்டோ கோயிலில் காசு இட்ட பிறகு இருமுறை குனிந்து வணங்கி, இருமுறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, மீண்டும் ஒருமுறை குனிய வேண்டும். இஸுமோ பெருங்கோயிலிலும் உஸா ஜிங்கூவிலும் நான்கு முறை தட்டுவார்கள்.

விகாரையில் கை தட்டக் கூடாது. காசு இட்டு, ஊதுவத்தி இருந்தால் ஏற்றி, கைகூப்பித் தலை குனிந்தால் போதும். நம்மவர்களுக்கு இது பிறவியிலேயே கைவந்த கலை. சிக்கல் ஷின்டோ கோயிலில்தான், கைகூப்பிக்கொண்டே நின்றுவிடுவார்கள். அதைக்கூட யாரும் குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை.

எங்கே போய்க் கேட்பது? என்ன சொல்வது? எவ்வளவு கொடுப்பது?

தாயத்துகளும் வேண்டுதல் பலகைகளும் விற்கும் சாளரத்துக்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் இருக்கும். பெரிய வளாகங்களில் வேறு இடமாகவும் இருக்கலாம். அசாகுசாவின் சென்சோஜி விகாரையில் பெரிய மண்டபத்தில் வழிபட்ட பின் அதன் இடப்பக்கம் உள்ள யோகோதோ மண்டபத்துக்குப் போக வேண்டும். ‘கோஷுயின் ஓ ஒனேகை ஷிமாஸ்’ என்று சொல்லி, உறையைக் கழற்றி, எழுத வேண்டிய பக்கத்தைத் திறந்து, அவர்களுக்கு நேராக இருக்கும்படி இரு கைகளாலும் கொடுங்கள். பெரும்பாலான இடங்களில் காலை 9 மணி முதல் மாலை 4 அல்லது 5 மணி வரை எழுதித் தருவார்கள். சாத்தும் நேரத்துக்குக் கால் மணி முன்னால் மூச்சு வாங்க ஓடிவந்து நிற்க வேண்டாம்.

காணிக்கை வழக்கமாக 300 முதல் 500 யென். திருவிழாக்காலச் சிறப்பு முத்திரைகள் 1,000 யென்னோ அதற்கு மேலோ இருக்கும். ஷின்டோ கோயிலில் இதற்கு ‘ஹத்ஸுஹோரியோ’ என்று பெயர். அறுவடையின் முதல் கதிரைத் தெய்வத்துக்குச் செலுத்துவது என்று பொருள். எனவே ‘விலை என்ன’ என்று கேட்காமல் பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கொடுப்பது அழகு. 100 யென், 500 யென் நாணயங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முத்திரைக்கு 10,000 யென் தாளை நீட்டினால் எழுதுகிறவர் தூரிகையை வைத்துவிட்டுச் சில்லறை எண்ண வேண்டியிருக்கும்.

எழுதும்போது வீடியோ எடுத்துக்கொள்ளலாமா, அக்கா? பார்க்கவே அவ்வளவு அழகாக இருக்கிறது!

அழகுதான், மறுக்கவில்லை. கமகுராவில் ஒரு சிறிய விகாரையில், எழுதிய அம்மையார் முதலில் முத்திரையை மைத்தட்டில் பலமுறை மெல்லத் தட்டினார். பக்கத்துக்கு அடியில் ஒரு மெத்தையை வைத்து, எழுந்து நின்று, உடலின் எடை முழுவதையும் உள்ளங்கையில் இறக்கி அழுத்தினார். பிறகு அமர்ந்து ஒரு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு எழுதிய முதல் கோடு, ஈரச் சிவப்பின் மேல் பளபளவென்று நின்றது. கடைசியில் ஒற்றுத்தாளை வைத்து மூடிக் கொடுத்தார். மொத்தம் இரண்டு நிமிடம்கூட இருக்காது.

ஆனால் கேட்காமல் எடுக்கக் கூடாது. பல இடங்களில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகையே வைத்திருப்பார்கள். கேட்டு, ‘வேண்டாம்’ என்றால் அதோடு விட்டுவிடுங்கள். எழுதும்போது பேச்சுக் கொடுக்காமல் இருப்பதும் அவசியம். அவர் தவறவிட்ட கோட்டை அழித்து எழுத முடியாது. அந்த ஒற்றுத்தாளை உடனே உருவி எறிந்துவிடாதீர்கள், எதிர்ப்பக்கத்தில் மை ஒட்டிக்கொள்ளும்.

ஏட்டில் எழுதாமல் ஒரு தாளைக் கொடுத்தார்கள். வெளிநாட்டுக்காரர் என்பதால் ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. முன்கூட்டி எழுதி வைத்த தாளுக்கு ‘காகிஓகி’ என்று பெயர். எழுதுபவர் இல்லாத நாளிலும், புத்தாண்டின் முதல் மூன்று நாள் பெருங்கூட்டத்திலும் பல கோயில்கள் அதைத்தான் தரும். கொரோனா காலத்துக்குப் பிறகு எப்போதும் தாள் மட்டுமே தரும் கோயில்களும் பெருகிவிட்டன. கையால் எழுதித்தான் வேண்டும் என்று வாதாடுவது மரியாதை அல்ல. தாளில் தேதி விடுபட்டிருந்தால் எழுதித் தரும்படி கேட்கலாம். வீட்டுக்கு வந்து ஒட்டும்போது தண்ணீர்ப் பசையைத் தொடாதீர்கள். நான் அப்படி ஒட்டிய இரண்டு தாள்கள் அப்பளம்போல் சுருண்டுகொண்டன. ஒட்டுநாடா வடிவில் வரும் உலர்ந்த பசை நல்லது.

எல்லாக் கோயிலிலும் கிடைக்குமா? கியோத்தோவில் ஒரு பெரிய விகாரையில் ‘இங்கே கிடையாது’ என்றார்கள்.

அது பெரும்பாலும் ஹொங்கன்ஜி விகாரைகளில் ஒன்றாக இருக்கும். கிழக்கு, மேற்கு என்ற அந்த இரு தலைமை விகாரைகளும் ஜோதோ ஷின்ஷூ பிரிவைச் சேர்ந்தவை. அமிதாப புத்தரின் அருள் ஒன்றே மனிதரைக் கரை சேர்க்கும், நாமாகப் புண்ணியம் சேர்ப்பதற்கு எதுவும் இல்லை என்பது அவர்களின் கொள்கை. அதனால் சூத்திரக் காணிக்கையிலிருந்து பிறந்த முத்திரைக்கு அங்கே இடமில்லை. நினைவுக்காக நாமே குத்திக்கொள்ளும் ஸ்டாம்ப் மட்டும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரிவின் சில விகாரைகள் முத்திரை தருவதுண்டு என்றாலும், தராத இடத்தில் வற்புறுத்துவது அவர்களின் நம்பிக்கையோடு வாதிடுவதாகிவிடும்.

ஊர்ப்புறத்துச் சிறு ஷின்டோ கோயில்கள் பலவற்றில் ஆளே இருக்க மாட்டார்கள். பக்கத்து ஊர்க் கோயில் பூசகரே இதையும் பார்த்துக்கொள்வார். அங்கே போய்க் கேட்கச் சொல்லி அறிவிப்பு ஒட்டியிருந்தாலும் இருக்கும். முத்திரை கிடைக்காது என்பதற்காக வணங்காமல் திரும்பிவிடாதீர்கள்.

ஷின்டோ கோயில் முத்திரையையும் விகாரை முத்திரையையும் ஒரே ஏட்டில் வாங்கலாமா?

பெரும்பாலான இடங்களில் வாங்கலாம். 1868இல் மெய்ஜி அரசு இரண்டையும் சட்டப்படி பிரிக்கும் முன்பு, ஒரே வளாகத்தில் இரண்டும் கலந்திருந்த காலம் ஆயிரம் ஆண்டுக்கு மேல். சென்சோஜியின் வளாகத்தை ஒட்டியே அசாகுசா ஷின்டோ கோயில் நிற்பதை இன்றும் பார்க்கலாம். இருந்தாலும் சில இடங்களில் முகம் சுளிப்பார்கள் என்பதால் இரண்டு ஏடு வைத்துக்கொள்வது தொல்லையற்றது.

நிச்சிரென் பிரிவு விகாரைகள் மட்டும் தனிக் கதை. அவர்கள் முறைப்படி எழுதித் தருவது ‘கோஷுதாய்’; அதில் ‘நமு ம்யோஹோ ரெங்கே க்யோ’ என்ற தாமரைச் சூத்திர நாமம், எழுத்துகளின் முனைகள் மீசைபோல் நீண்டு, பக்கம் முழுக்க விரிந்திருக்கும். மற்றப் பிரிவுகளின் முத்திரைகள் கலந்த ஏட்டைக் கொடுத்தால் பல விகாரைகளில் ‘ம்யோஹோ’ என்ற இரண்டு எழுத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நாமம் வேண்டும் என்றால் அந்தப் பிரிவுக்கென்றே ஒரு தனி ஏடு வேண்டும்.

நான் வேறு மதம். வாங்கலாமா, வாங்கினால் தவறா?

கோயில் தரப்பில் யாரும் உங்கள் மதத்தைக் கேட்பதில்லை. உங்கள் தரப்பில் தடை இருக்கிறதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வணங்க மனம் ஒப்பவில்லை என்றால், கோயிலைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு முத்திரையை மட்டும் விட்டுவிடுவதே இரு பக்கமும் நேர்மை என்பது என் கருத்து.

இந்துக்களுக்கு வேறொரு வியப்பு காத்திருக்கிறது. பென்ஸைதென் என்ற பெயரில் சரஸ்வதியும், தைஷாகுதென் என்ற பெயரில் இந்திரனும், கங்கிதென் என்ற பெயரில் பிள்ளையாரும் ஜப்பானில் குடியிருக்கிறார்கள். அசாகுசாவில் மத்ஸுசியாமா ஷோதென் என்ற விகாரையில் கங்கிதெனுக்குப் படையல் வெள்ளை முள்ளங்கி. கொழுக்கட்டை எங்கே என்று கேட்ட என் அத்தை, முள்ளங்கி வாங்கிப் படைத்துவிட்டு முத்திரையும் வாங்கிக்கொண்டார்.

வீட்டில் ஒரு துக்கம். இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. போகலாமா?

நம்மவர்கள் தயங்கிக் கேட்கும் கேள்வி இது. ஜப்பானியர்களுக்கு உடனே புரியும். ஷின்டோ மரபிலும் மரணத் தீட்டு உண்டு. நெருங்கிய உறவினர் இறந்தால் 50 நாள் வரை தோரீயைக் கடக்காமல் இருப்பது அங்குள்ள வழக்கம். விகாரைகளுக்கு அந்தத் தடை இல்லை. இறந்தவருக்காக வேண்டிக்கொள்ளும் இடமே அது. எனவே பயணத்தை ரத்து செய்ய வேண்டாம். அந்தப் பயணத்தில் விகாரைகளுக்கு மட்டும் போய் வாருங்கள்.

ஊரில் இருக்கும் தோழிக்கும் ஒன்று வாங்கித் தரலாமா? இணையத்தில்கூட விற்கிறார்களே?

முதல் பதிலுக்கே திரும்ப வேண்டியிருக்கிறது: வராதவருக்கு வந்ததற்கான சான்று எப்படித் தருவது? பல கோயில்கள் ஒருவருக்கு ஒன்று என்றே வைத்திருக்கின்றன. நடக்க முடியாத பெற்றோருக்காக ஒருவர் சென்று வழிபட்டு வாங்குவது வேறு; அதை எடுத்துச் சொன்னால் இரங்கிக் கொடுக்கும் இடங்கள் உண்டு. தோழிக்கு ஒரு தாயத்து வாங்கிக் கொடுங்கள், அது பரிசளிப்பதற்கே உரியது.

ஏல இணையதளங்களில் மறுவிற்பனைக்கு வருவதை வாங்காதீர்கள். 2019 மே 1 அன்று, ரெய்வா யுகத்தின் முதல் நாளில், டோக்கியோவின் மெய்ஜி ஜிங்கூவில் முத்திரைக்கான வரிசை 10 மணி நேரம் வரை நீண்டது. அன்றைய தேதியிட்ட முத்திரைகள் விரைவிலேயே பல மடங்கு விலையில் இணையத்தில் தலைகாட்டின. இப்படி வாங்குகிறவர்கள் இருப்பதால்தான் சில கோயில்கள் சிறப்பு முத்திரைகளையே நிறுத்திவிடுகின்றன.

சிறப்பு முத்திரைகள்தானே மதிப்பு அதிகம்? தங்க எழுத்து, வெட்டுக்காகித வேலைப்பாடு எல்லாம் இருக்கிறதே?

கண்ணுக்கு விருந்துதான், நானும் சில வைத்திருக்கிறேன். ஆனால் ஜப்பானின் தலையாய ஷின்டோ தலமான இஸே ஜிங்கூவில் தருவது என்ன தெரியுமா? ஒரு சதுரச் சிவப்பு முத்திரை, தேதி; அவ்வளவுதான். கோயிலின் பெயரைக்கூடத் தூரிகையால் எழுதுவதில்லை. அந்த வெள்ளைப் பக்கத்தைப் பார்த்து ‘இவ்வளவுதானா’ என்று முகம் வாடியவர்களும் உண்டு. என் ஏட்டில் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

ஷிகோகு யாத்திரை ஏடு ஒன்றைப் பார்த்தேன். ஒரே பக்கத்தில் முத்திரைமேல் முத்திரையாக இருந்தது. எழுதியவர் தவறு செய்துவிட்டாரா?

தவறு இல்லை. ஷிகோகு தீவின் 88 விகாரைகளை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நடந்து சுற்றும் யாத்திரையில், இரண்டாம் முறை வருபவர் புது ஏடு வாங்குவதில்லை. பழைய ஏட்டின் அதே பக்கத்தில் முத்திரை மட்டும் மறுபடியும் பதிக்கப்படும். பல சுற்று வந்தவரின் ஏட்டில் கறுப்பு எழுத்து மறையும் அளவுக்குப் பக்கமே சிவந்துபோயிருக்கும். புதுப் புதுப் பக்கம் சேர்க்க நினைப்பவர்களுக்கு இது புதிராகத் தெரியும்.

அங்கே ஏட்டில் முத்திரையிடும் காணிக்கை நெடுங்காலம் 300 யென்னாக இருந்து, 2024 ஏப்ரலில் 500 ஆனது. 88 விகாரைக்கும் கணக்குப் போட்டால் 44,000 யென். புறப்படும் முன் நாணயமாக மாற்றி வைக்க மறக்காதீர்கள்.

ஏடு நிறைந்த பிறகு என்ன செய்வது? அம்மா பூஜை அறையில் வைக்கச் சொல்கிறார். கணவர் புத்தக அலமாரி போதும் என்கிறார்.

இரண்டும் சரி. ஜப்பானிய வீடுகளில் பலர் அதைக் குடும்ப வழிபாட்டு மாடத்தில் வைக்கிறார்கள். மாடம் இல்லாதவர்கள் தூய்மையான, காலுக்கு எட்டாத இடத்தில் வைக்கிறார்கள். ஈரமும் நேர் வெயிலும் படக் கூடாது. மழைக்காலத்தில் எங்கள் ஊர் வீடுகளில் காகிதம் பூசணம் பிடிக்கும் என்பதால், ஏட்டோடு ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றையும் வைத்துக் கொடுத்தனுப்புகிறேன். வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால் குப்பையில் போடாமல், பழைய தாயத்துகளை மந்திரம் சொல்லி எரிக்கும் ‘ஓதாகியாகே’ சடங்கு நடக்கும் கோயிலில், ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டு ஒப்படைக்கலாம்.

ஜப்பானில் இன்னொரு வழக்கமும் உண்டு. யாத்திரை ஏட்டை, அதை வாங்கியவர் இறந்ததும் சவப்பெட்டியில் அவரோடு வைத்து அனுப்புகிறார்கள். என் எதிர்வீட்டு முதியவர் தம் ஏட்டைக் காட்டியபோது, அதன் கடைசி இரண்டு பக்கங்கள் மட்டும் வெறுமையாக இருந்தன. எந்தக் கோயிலுக்காக என்று கேட்டேன். இன்னும் முடிவு செய்யவில்லை, முழங்கால் சரியாகட்டும் என்றார்.